இறக்கை முனை பைலட்டின் கண்ணுக்குத் தெரியாது

விமான நிலையத்தில் விமானங்கள் வந்து நிற்கும் தளமான ரேம்ப்பில் ஒரு விமானம் இன்னொன்றை இடித்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், இவ்வளவு பெரிய இடத்தில் எப்படி இடித்தார்கள், பைலட் பார்த்து ஓட்டமாட்டாரா என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ரேம்ப்பில் வேலை பார்க்கும் எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் வெளியே இருப்பவர்கள் அதைச் சுலபத்தில் நம்புவதில்லை. பல பெரிய விமானங்களில் தன் இறக்கை முனை எங்கே இருக்கிறது என்று பைலட்டால் பார்க்கவே முடியாது.

போயிங்கின் 747, 757, 767, 777, ஏர்பஸ்ஸின் ஏ380 எல்லாமே இந்த ரகம். காக்பிட் இருக்கையில் உட்கார்ந்தபடி கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் முனை கண்ணில் படாது. பார்த்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டும். ஏ380-இன் இறக்கை முனைக்கு முனை 79.75 மீட்டர். அதாவது நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வெகுதூரம் பின்னால் முனை இருக்கிறது. முனை தெரிகிற சிறிய ஜெட்டுகளிலும் அவ்வளவு தூரத்தில், அந்தக் கோணத்தில் இருந்து பார்த்து, முனைக்கும் பக்கத்து விமானத்தின் வாலுக்கும் நடுவில் இருப்பது இரண்டு மீட்டரா ஐந்து மீட்டரா என்று சொல்வது நம் கண்ணால் ஆகிற காரியம் இல்லை.

சரி, அப்படியென்றால் தினமும் இத்தனை ஆயிரம் விமானங்கள் இடிக்காமல் எப்படிப் போய்வருகின்றன? கோட்டை நம்பித்தான். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, முன்சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே போனால் இறக்கை எதிலும் படாது என்று கணக்குப் போட்டுத்தான் அதை வரைந்திருக்கிறார்கள். ஸ்டாண்டில், அதாவது தனக்கென ஒதுக்கிய நிறுத்துமிடத்தில், நிற்கும் விமானத்துக்கும் பக்கத்தில் உள்ளதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அன்னெக்ஸ் 14 சொல்கிறது: 737, ஏ320 அளவு விமானங்களுக்கு 4.5 மீட்டர், அதைவிடப் பெரியவற்றுக்கு 7.5 மீட்டர். காகிதத்தில் பார்க்கும்போது தாராளமாகத்தான் தெரியும். நிஜத்தில் 4.5 மீட்டர் என்பது ஒரு பேகேஜ் டிராக்டரும் அதன் பின்னால் ஒரே ஒரு டிராலியும் குறுக்கே நின்றாலே நிரம்பிவிடுகிற தூரம்.

கோடு சொல்வதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். உன் முன்சக்கரம் கோட்டில் இருக்க வேண்டும், அதோடு பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானமும் வண்டியும் அதனதன் கோட்டுக்குள் இருக்க வேண்டும். பக்கத்து விமானம் ஸ்டாண்டுக்குள் முழுதாக நுழையாமல் பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் அதன் வால் அந்தப் பத்து மீட்டரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது நீங்கள் எவ்வளவு துல்லியமாக உங்கள் கோட்டில் போனாலும் பிரயோஜனம் இல்லை. கோடு சரியாகத்தான் இருக்கிறது, நீங்களும் சரியாகத்தான் போகிறீர்கள், இருந்தும் இடிக்கும்.

நடந்திருப்பதை எடுத்துப் பாருங்கள். 2011 ஏப்ரல் 11, நியூயார்க் ஜேஎஃப்கே, இரவு நேரம். ஏர் பிரான்ஸின் ஏ380 டாக்ஸி செய்து, அதாவது தரையில் ஓடி, போகும்போது அதன் இடது இறக்கை, நின்றுகொண்டிருந்த ஒரு சிஆர்ஜே-700-இன் வாலில் பட்டு, அந்தச் சின்ன விமானத்தை உள்ளே இருந்த பயணிகளோடு சேர்த்து நின்ற இடத்திலேயே சுழற்றிவிட்டது. 2018 மே 13, இஸ்தான்புல் அட்டாடர்க். ஏசியானாவின் ஏ330 இறக்கை, துருக்கிய ஏர்லைன்ஸின் ஏ321 ஒன்றின் செங்குத்து வாலையே சாய்த்துவிட்டது. 2024 செப்டம்பர் 10, அட்லாண்டா. டெல்டாவின் ஏ350 இறக்கை முனை, ஓடுபாதைக்காகக் காத்திருந்த சிஆர்ஜே-900-இன் வாலைப் பெயர்த்துவிட்டது. 2025 பிப்ரவரி 5, சியாட்டில். ஜப்பான் ஏர்லைன்ஸின் 787 இறக்கை, டெல்டாவின் 737 வாலில் போய்ச் செருகி நின்றது. நான்கிலும் ஓடியது பெரிய விமானம், நின்றது சின்னது. நான்கிலும் பட்டது இறக்கை முனையும் வாலும்தான். நாடு, நிறுவனம், விமான வகை எல்லாம் மாறுகிறது, மோதுகிற இரண்டு பாகங்கள் மட்டும் மாறவில்லை.

சின்ன விமானங்களுக்குள்ளும் இது நடக்கும். 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில் ஓர் இண்டிகோ ஏ320-உம், ஓடுபாதைக்குள் போகக் காத்திருந்த ஓர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-உம் இறக்கை முனையோடு முனை உரசிக்கொண்டன.

இதையெல்லாம் படித்துவிட்டு பைலட் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சின்ன விமானம் ஏன் வாலை நீட்டிக்கொண்டு அங்கே நின்றது என்று முதலில் கேட்க வேண்டும். ரேம்ப்பில் நான் பார்த்தவரை பதில் பெரும்பாலும் ஸ்டாண்டில்தான் இருக்கும். விமானம் வந்துவிட்டது, ஆனால் சைகை காட்டி அதை உள்ளே வாங்கும் மார்ஷலர் வரவில்லை. அல்லது தானியங்கி வழிகாட்டிப் பலகையை யாரும் ஆன் செய்யவில்லை. அல்லது முந்தைய விமானத்துக்குச் சாமான் ஏற்றிய பெல்ட் லோடர் இன்னும் கோட்டுக்குள்ளேயே கிடக்கிறது. எதிரே சிக்னல் தர ஆள் இல்லாதபோது பைலட் உள்ளே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. நிற்கிறார். மூக்கு ஸ்டாண்டைப் பார்த்திருக்க, வால் டாக்ஸி பாதையில். அந்த நிமிஷத்தில் அவருக்குப் பின்னால் வருபவருக்கு, முன்னால் உள்ளவர் முழுதாக உள்ளே போய்விட்டாரா, பாதி வழியில் நிற்கிறாரா என்பது நேர்ப் பின்னாலிருந்து பார்த்துத் தெரியாது. ஷிஃப்ட்டில் இரண்டு ஆள் குறைத்ததன் விளைவு நூறு மீட்டர் தள்ளி, வேறொரு நிறுவனத்தின் இறக்கையில் போய் விடிகிறது. விசாரணை அறிக்கையில் இரண்டு விமானங்களின் பெயரும் தெளிவாக இருக்கும், வராமல் போன மார்ஷலரின் கதை எங்கோ ஒரு பத்தியில் ஒதுங்கியிருக்கும்.

இன்னொன்று, ரேம்ப் யாருடைய பொறுப்பு என்பது பயணிகள் நினைப்பதுபோல அவ்வளவு தெளிவானது இல்லை. ஓடுபாதையும் அதற்குப் போகிற டாக்ஸிவேயும் டவரில் இருக்கும் கன்ட்ரோலரின் கட்டுப்பாட்டில் இருக்கும். ரேம்ப் பல இடங்களில் அதற்கு வெளியே. அமெரிக்காவில் அந்த எல்லையைத் தரையிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள், ஒரு தொடர்ச்சியான மஞ்சள் கோடும் பக்கத்திலேயே ஒரு விட்டு விட்டு வரும் கோடும். அந்தக் கோட்டைத் தாண்டி ரேம்ப் பக்கம் வந்துவிட்டால் கன்ட்ரோலர் உங்களுக்கு வழிவிட்டுக் கொடுக்கப் போவதில்லை. சில விமான நிலையங்களில் ரேம்ப்புக்கென்று தனி கன்ட்ரோல் இருக்கும், சிலவற்றில் விமான நிறுவனமே அதை நடத்தும், சின்ன இடங்களில் யாருமே இருக்கமாட்டார்கள். டாக்ஸிவேயிலும்கூட கன்ட்ரோலர் கொடுக்கிற அனுமதி இந்த வழியாகப் போகலாம் என்பதற்கு மட்டும்தான். உன் இறக்கை முனை அந்த வாலைத் தாண்டிவிடும் என்று அவர் உத்தரவாதம் தரவில்லை, தரவும் முடியாது. டவரிலிருந்து பார்த்தால் இரண்டு வாலும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் தெரியும், நடுவில் இடைவெளி எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. ஆக பைலட் கன்ட்ரோலரை நம்புகிறார், கன்ட்ரோலர் பைலட் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து கோட்டை நம்புகிறார்கள்.

திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். ஜெட்டுகளின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் இல்லையா, அதனால் முனை பிரதானச் சக்கரங்களுக்கும் பின்னால் தள்ளியிருக்கும். விமானம் ஒரு பக்கம் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தை மையமாக வைத்துச் சுழல்கிறது, எதிர்ப்பக்க இறக்கை முனை நேராகப் போனபோது இருந்த கோட்டைவிட வெளியே வீசிக்கொண்டு போகும். இறக்கை திடீரென்று நீளமாகிவிட்டதுபோல. நேராகப் போகும்போது தாராளமாக இருந்த இடைவெளியைத் திருப்பத்தின் ஆரம்பத்திலேயே இது தின்றுவிடும். பைலட் அந்த நேரத்தில் பார்ப்பது திரும்புகிற திசையை. முனை வீசுவது அதற்கு எதிர்ப்பக்கம்.

நீளமான விமானம் என்றால் பிரச்சினை கூடும். 777-300இஆர்-இல் முன்சக்கரத்துக்கும் பிரதானச் சக்கரத்துக்கும் நடுவில் 31 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பைலட்டோ முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திருப்பத்தில் அவர் உட்கார்ந்திருக்கிற இடம் கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகுதான் திருப்பவே ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் பின்சக்கரம் புல்லில் இறங்கிவிடும். இதற்காகவே அந்த விமானத்தில் சக்கரங்களைக் காட்டும் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அவை சக்கரத்தைப் பார்க்க வைத்தவை, இறக்கை முனைக்காக அல்ல.

இவ்வளவு கஷ்டங்களுக்கு நடுவிலும் தரையில் இருக்கிற விமானத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. வானத்தில் இருக்கும்போது சந்தேகம் வந்தால் நிற்க முடியாது. இங்கே நிற்கலாம். பிரேக்கை அழுத்தினால் போதும். அந்த வால் கொஞ்சம் வெளியே இருக்கிற மாதிரி தெரிகிறதே என்று ஒரு நொடி தோன்றினாலும் நின்றுவிட்டு, கிரவுண்டுக்குச் சொல்லி, இறக்கை முனையோடு நடந்து இடைவெளி பார்க்கும் விங் வாக்கர் இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர்கள் முனையில் நின்று கையைக் காட்டிய பிறகு நகரலாம். அப்படி நின்ற விமானம் யார் வாலையும் பெயர்த்ததில்லை. நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்: ரேம்ப்பில் சந்தேகத்துக்கு ஒரே மருந்து நிற்பது, அந்த உரிமை காக்பிட்டில் இருப்பவருக்கு மட்டும் இல்லை, கையில் சைகைக் கோலான வாண்ட் வைத்திருக்கும் நேற்று சேர்ந்த பையனுக்கும் உண்டு. இரண்டு வாண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தால் எந்த நாட்டுக் கேப்டனும் நின்றாக வேண்டும்.

ஆனால் யாரும் லேசில் நிற்பதில்லை. ஏன் என்று தெரியும். பின்னால் நான்கு விமானங்கள் வரிசையில், ரேடியோவில் இடைவெளி விடாமல் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஸ்டாண்டு கிடைக்காமல் ஏற்கனவே இருபது நிமிஷம் போய்விட்டது, பயணிகளின் கனெக்‌ஷன் போகிறது, கேபினிலிருந்து போன் வருகிறது. நின்றுவிட்டு ஆள் கேட்டால் வரப் பத்து நிமிஷம் ஆகும் என்பார்கள். கோடு இருக்கிறதே, போய்விடலாம் என்றுதான் மனசு சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை இடிக்காமல் போயும் விடும். அதுதான் ஆபத்தே, ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அந்த இடைவெளி போதும் என்ற நம்பிக்கை கெட்டிப்படுகிறது.

கீழே இருப்பவர்களுக்கு வேறு விதமான அழுத்தம். ஒரு விங் வாக்கர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கி, கேப்டன் நின்று, பிறகு பார்த்தால் போதுமான இடம் இருந்தது என்று தெரிந்தால் சில இடங்களில் அந்த ஆளைக் கூப்பிட்டு ஏன் தாமதப்படுத்தினாய் என்று கேட்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒரு பெண்ணைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஷிஃப்ட்டில் யாரும் கையைத் தூக்கவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தேவையில்லாமல் நிறுத்தினாய் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்து தேவைப்படுகிற நேரத்திலும் நிறுத்த ஆள் இருக்காது, அதைக் கேட்ட சூபர்வைசர் புரிந்துகொள்ள வேண்டும்.

நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நின்ற விமானத்தை மறுபடி நகர்த்த, ஓடிக்கொண்டிருப்பதற்குத் தேவையானதைவிட அதிக உந்துவிசை கொடுக்க வேண்டும். பல டன் எடை, சக்கரம் லேசில் உருளாது. அந்த நேரத்தில் பின்னால் வீசும் ஜெட் பிளாஸ்ட் காலி கன்டெய்னரை உருட்டும், கோன்களைப் பறக்கவிடும், பயணிகள் ஏணியைத் தள்ளும், ஆளையும் கீழே தள்ளும். எரிபொருள் மிச்சம் பிடிக்க ஒரே என்ஜினில் டாக்ஸி செய்கிற வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது, அதில் முழு வேலையையும் ஒரு என்ஜினே செய்வதால் நகரும்போது அந்த ஒன்றிலிருந்து வருகிற காற்று இன்னும் பலம். திருப்பத்தில் நின்றுவிட்டு அங்கிருந்தே கிளம்பினால் என்ஜினின் பின்புறம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் பாடு கஷ்டம்தான். ஆகவே நின்ற பிறகு, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் த்ராட்டிலைத் தொடக் கூடாது. தேவைப்பட்டால் இழுவை வண்டியான டக் வரவழைத்து இழுத்துக்கொண்டு போகலாம். நேரம் ஆகும், ஆகட்டும்.

என்ஜினுக்கு முன்னால் நடப்பது இதைவிடக் கொடுமை. 737 அளவு விமானத்தில் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடும்போதே என்ஜின் வாயைச் சுற்றி மூன்று மீட்டர் போல ஆபத்து வளையம், உந்துவிசை கூட்டினால் அது இன்னும் விரியும். விமானம் நின்றுவிட்டது, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாகிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று உடம்பு தானாக முன்னே போகும். 2022 டிசம்பர் 31 அன்று அலபாமாவின் மான்ட்கோமரி விமான நிலையத்தில் நடந்ததை நான் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். வந்து நின்றது ஓர் எம்ப்ரேயர் 175. அதன் ஏபியு, அதாவது வாலில் இருக்கும் துணை என்ஜின், வேலை செய்யவில்லை. அதனால் வெளியிலிருந்து மின்சாரம் இணைக்கும் வரை ஒரு என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தரைப் பணியாளர்களுக்கு விமானம் வருவதற்கு முன்பே கூட்டி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். என்ஜின் நின்று, சுழல்வது அடங்கி, சிவப்பு பீக்கன் அணைகிற வரை கிட்டே போகக் கூடாது, கோன் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு பணியாளரை ஓடிக்கொண்டிருந்த என்ஜின் இழுத்துக்கொண்டது.

இரண்டு தடவை சொல்லியும் எப்படி என்று கேட்பவர்கள் ஒரு நாள் ரேம்ப்பில் நின்று பார்க்க வேண்டும். காதில் சத்தம் தடுக்கிற மஃப், சுற்றிலும் ஐந்தாறு என்ஜினும் டிராக்டரும் ஜெனரேட்டரும் ஓடுகின்றன, அதில் எந்தச் சத்தம் எதிரே நிற்கும் விமானத்தினுடையது என்று காது பிரித்துச் சொல்லாது. கை தினமும் செய்கிற வரிசையில்தான் போகும்: கட்டை, கோன், கதவு. அந்த ஒரு நாள் மட்டும் வரிசை வேறு. சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள் என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. ஏபியு வேலை செய்யாத விமானம் வந்தால் மின்சாரம் இணைக்கிற ஒரே ஓர் ஆளைத் தவிர மற்றவர்களைக் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஓர் ஏ319-ஐ ஸ்டாண்டிலிருந்து பின்னால் தள்ளும் புஷ்பேக்கின்போது தரையில் நின்ற இன்ஜினியர் ஒருவர் இப்படித்தான் உயிரை விட்டார். புஷ்பேக் என்பதே ரேம்ப்பில் மிக ஆபத்தான சில நிமிஷங்கள். டக் இன்னும் பக்கத்தில், ஹெட்செட் போட்டவர் மூக்குக்குக் கீழே, டக்கை விமானத்தோடு இணைக்கும் டோ பாரைக் கழற்ற ஒருவர், என்ஜின்களோ ஓட ஆரம்பித்துவிட்டன. எல்லோரும் விலகிப்போய், முன்சக்கரத்திலிருந்து எடுத்த பின்னைத் தூக்கிக் காட்டி, கேப்டன் பார்த்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் விமானம் ஓர் அங்குலம் நகர வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் மூன்று புஷ்பேக் நடக்கும்போது, யார் காட்டிய கட்டைவிரல் யாருக்கு என்பதே குழம்பும்.

இரவும் மழையும் சேர்ந்தால் மேலே சொன்ன எல்லாமே இரட்டிப்பு. ஈரமான கான்கிரீட்டில் உயர விளக்குக் கம்பங்களின் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், மஞ்சள் கோடு அதில் கரைந்துவிடும், பழைய கோட்டை அழித்த தடம் சில நேரம் புதுக் கோட்டைவிடத் தெளிவாகத் தெரியும். டெர்மினல் விளக்குகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஜெட்டின் வால் விளக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். லண்டன் ஹீத்ரோ, சிங்கப்பூர் சாங்கி போன்ற இடங்களில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து பைலட்டுக்கு வழி காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது. வழி தவறாமல் இருக்க அது உண்மையிலேயே பெரிய உதவி. வழி தவறுவது எதில் போய் முடியும் என்பதற்கு 2001 அக்டோபர் 8, மிலான் லினாட்டே போதும். மூடுபனியில் ஒரு சின்ன செஸ்னா ஜெட் ரேம்ப்பிலிருந்து கிளம்பித் தப்பான டாக்ஸிவேயைப் பிடித்து ஓடுபாதைக்குள் போய்விட்டது. கிளம்பி ஓடிக்கொண்டிருந்த, எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 பயணிகள் விமானம் அதில் மோதி, தரையில் இருந்தவர்கள் 4 பேரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். அங்கே குறியீடுகளும் பலகைகளும் இருந்த லட்சணம் விசாரணையில் வெளியே வந்தது.

சின்ன விமானங்கள் நிற்கும் ரேம்ப்பில் ஆபத்தின் முகம் வேறு. அங்கே பெரும்பாலும் மார்ஷலரும் இல்லை, கோடும் இல்லை, கயிறு கட்டி நிறுத்திய விமானங்களுக்கு நடுவே அவரவர் கண்ணை நம்பித்தான் போக வேண்டும். சுழலும் ப்ரொப்பல்லர் கண்ணுக்குத் தெரியாது, குடும்பத்தோடு பார்க்க வந்தவர்கள் அதன் பக்கமாக நடந்துவிடுவார்கள். இறக்கை கீழே உள்ள விமானத்தின் முனை, மேலே உள்ளதன் தாங்குகம்பியில் போய் மாட்டும். வால்சக்கர விமானங்களில் மூக்கு உயர்ந்து நிற்பதால் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது, வளைந்து வளைந்து போய்த்தான் இரு பக்கமும் பார்க்க முடியும், நெரிசலான இடத்தில் அப்படி வளையவும் இடம் இருக்காது. அங்கே நல்ல பைலட்டுகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: இடம் இறுக்கமாக இருந்தால் என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். ரொம்பச் சரி.

அப்புறம், இடித்துவிட்டால் சொல்லிவிடுவது. இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2005 டிசம்பர் 26, சியாட்டில். அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்டி-83 ஒன்றின் உடம்பில் சாமான் ஏற்றும் வண்டி பட்டு ஒரு மடிப்பு விழுந்தது. உடனே யாரும் சொல்லவில்லை. விமானம் கிளம்பி 26,000 அடி உயரத்தில் அந்த மடிப்பு கிழிந்து, சுமார் ஓர் அடிக்கு அரை அடி ஓட்டை விழுந்து, கேபின் அழுத்தம் போய்விட்டது. பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். அது அலுமினிய உடம்பு, குறைந்தபட்சம் ஒடுங்கியாவது காட்டும். 787, ஏ350 போன்றவற்றின் கூட்டுப்பொருள் உடம்பில் வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. லேசாகத் தட்டியது போலத் தோன்றினாலே சொல்ல வேண்டும், சொன்னவரின் வேலை போகாது என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் முன்பு போட்ட ஒரு மதிப்பீட்டில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 27,000 ரேம்ப் விபத்துகளும் சம்பவங்களும் நடப்பதாகச் சொன்னார்கள், ஏறத்தாழ ஆயிரம் புறப்பாடுகளுக்கு ஒன்று. காயப்படுகிறவர்கள் 2,43,000 பேர். பழைய கணக்குதான், ஆனால் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். இறக்கையும் வாலும் செய்தியில் வருகின்றன, இந்தக் கையும் காலும் முதுகும் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஜேஎஃப்கே மோதலுக்குப் பிறகு, 2012-இல், அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, இறக்கை முனை கண்ணுக்குத் தெரியாத பெரிய விமானங்களில் முனை போகிற பாதையைக் காட்டும் கேமரா போன்ற ஒரு கருவி வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை. அட்லாண்டாவும் சியாட்டிலும் அதற்குப் பிறகு நடந்தவை. சாதாரண காருக்கே பின்னால் கேமரா வந்துவிட்ட காலத்தில், முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்தின் முனைக்கு ஒன்று வைக்க இவ்வளவு தயக்கம் ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. சான்றிதழ், எடை, செலவு என்று காரணங்கள் சொல்வார்கள், தெரியும். ஒரு வாலை மாற்றும் செலவோடும், அது நின்றுகிடக்கும் மாதங்களோடும் வைத்துப் பார்த்தால் அந்தக் காரணங்கள் நிற்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கேமரா வரும்வரை ஆட்களை வையுங்கள். ஒரு முனைக்கு ஒருவர், இரவில் வெளிச்சமான வாண்டோடு. விமானம் வருகிறது என்று தெரிந்ததும் அது வந்து சேர்வதற்கு முன்பே ஸ்டாண்டில் நிற்கட்டும், அப்போதுதான் வால் வெளியே நீளாது. ஸ்டாண்டு தயாராக இல்லையென்றால் அந்த விமானத்தை ரேம்ப்புக்குள் விடாமல் முன்னாலேயே ஒதுக்கி நிறுத்துங்கள். பாதி நுழைந்து நின்றுவிட்ட கேப்டன், என் வால் வெளியே இருக்கிறது என்று தானாகவே ரேடியோவில் சொல்லிவிட வேண்டும், யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஐந்து விநாடிப் பேச்சு அது, பின்னால் வருபவர் பிரேக்கில் காலை வைத்துக்கொள்வார்.

விமானத்துக்குள் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ரேம்ப்பில் நல்ல கேப்டன் சட்டென்று பிரேக் போடுவார், போட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து நின்று மேலே இருக்கும் பையை இறக்கிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள், பை அடுத்தவர் தலையிலும் விழும். உட்காருங்கள் என்று கேபினிலிருந்து நான்காவது தடவையாகச் சொல்லவேண்டி வரும்போது காக்பிட்டில் கவனம் சிதறும், ஒரு பயணி நிற்கிறார் என்பதற்காகப் பிரேக்கை மெதுவாகப் போட நினைக்கிற தயக்கமும் வரும். சீட் பெல்ட் விளக்கு அணைகிற வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.